வெட்டுவதற்கு முன் ஒரு துளி சோடா

திருகோணமலையில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், ஒரு நல்ல மனிதரைக் கலங்கடித்தது.

மதுரையில் ஒரு தோல் நோய்ப் பிரிவின் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருஷமாக நுண்ணோக்கி பார்க்கிறவள் நான். இரண்டு வாரத்துக்கு என்னை அங்கே வரவழைத்தவர் டாக்டர் புனிதவதி. என்னை அழைத்துப் போக அவர் பேருந்து நிலையத்துக்கு அனுப்பியிருந்தவர் சாலிஹ். கிண்ணியாக்காரர், நாற்பது வயதிருக்கும், மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கிற வேலை. அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டதும், "உங்ககிட்ட நிறையப் பேசணும் சார்" என்றேன்.

மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தார்.

"நான் என்ன பிழை செஞ்சனான் மிஸ்?"

அந்த ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்கிறார்கள். இது விளங்குவதற்குள் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பாதித் தூரம் வந்துவிட்டோம். விளங்கிய பிறகு சாலிஹ் சிரித்த சிரிப்பில் பெட்டி இன்னொரு முறை கீழே இறங்கியது. பெட்டிக்குள் கண்ணாடிச் சாமான்கள் இருந்தன. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. டாக்டர் எனக்கு எழுதியிருந்த கடிதம் இன்னும் நினைவிருக்கிறது. "இங்கே ஒருவரின் தோலைச் சுரண்டிக் கொழும்புக்கு அனுப்பினால் பதில் வர இரண்டு மாதம் செல்லும். அதற்குள் அவர் மூன்று வைத்தியரிடம் போய் நாலு களிம்பு பூசி, பார்த்த நோயே அடையாளம் தெரியாமல் போய்விடும். கையில் இருக்கிறதை வைத்து இங்கேயே பார்க்கப் பழக்கிவிட ஏலுமோ?" ஏலும் என்று நான் பதில் எழுதினேன். ஏலாது என்பதற்கு எதிர்ச்சொல் அதுதான் என்று ஊகித்து எழுதியது.

டாக்டர் வீட்டில் குசினி என்கிற சமையலறையின் ஜன்னலில் நின்றால் உள்துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. மதுரைக்காரிக்கு அவ்வளவு தண்ணீரைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதே ஊதாரித்தனமாகப் பட்டது. முதல் நாள் காலையில் பேக்கரி வாசலில் வரிசை வளைந்து தெருமுனை தாண்டிவிட்டதால் பாண் கிடைக்கவில்லை. பாண் என்பது ரொட்டி. அதற்குப் பதிலாக அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் வந்தன. டாக்டர் மன்னிப்புக் கேட்டபடியே பரிமாறினார். நான் மூன்றாவது முறை கேட்டு வாங்கியதும் மன்னிப்பை நிறுத்திக்கொண்டார்.

"எங்களுக்கு இப்ப எல்லாத்துக்கும் தட்டுப்பாடு. மா இல்லை, சவர்க்காரம் இல்லை, ரசாயனச் சாமான் ஒண்டும் இறக்குமதி இல்லை. நீங்கள் கொண்டுவந்தது என்ன?" என்று கேட்டார்.

நான் கொண்டுபோனது பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடித் துண்டுகள், மழுங்கிய சிறு கத்தி, ஒரு போத்தல் பொட்டாஷ் கரைசல். சுரண்டி எடுத்த தோலில் அந்தக் கரைசலை ஒரு சொட்டு விட்டு லேசாகச் சூடு காட்டினால், தோல் கரைந்து தெளிந்துவிடும். அதில் கரையாமல் நிற்பது பூஞ்சணம். நுண்ணோக்கிக்கு மின்சாரம்கூட வேண்டாம். கீழே ஒரு சிறு கண்ணாடி, அதைச் சூரியனுக்குத் திருப்பினால் போதும். டாக்டர் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். ஏமாற்றமா மகிழ்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மூதூருக்குப் போனோம், சாலிஹும் நானும். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடக்கிற மோட்டார் படகை அங்கே லோஞ்ச் என்கிறார்கள். வெங்காய மூட்டை, கோழிக்கூடை, மணப்பெண்ணுக்கு வாங்கிய அலுமாரி எல்லாம் அதில் ஏறின. பிறகுதான் மனிதர்கள். கடல் அன்று தட்டையாகக் கிடந்தது. எல்லாம் நல்லபடியாகவே நடந்தது, மூதூர் இறங்குதுறையில் அந்த அலுமாரியை இறக்குகிறவரை. நாலு பேர் பிடித்த அலுமாரி கொஞ்சம் சாய்ந்து என் பையின் மேல் உட்கார்ந்தது.

போத்தல் நொறுங்கும் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. பொட்டாஷ் என் துவாலையைத் தின்றுவிட்டு, பலகை இடுக்கு வழியாகக் கடலில் சொட்டியது.

மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாற்பது பேராவது காத்திருந்தார்கள். சொறியாத கை ஒன்றுகூட இல்லை. நான் கதிரையில் உட்கார்ந்து வெறும் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தேன். மதுரையில் என்றால் அடுத்த அறைக்குப் போய் இன்னொரு போத்தல் எடுத்து வந்திருப்பேன். இங்கே அடுத்த அறையில் இரண்டாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"பொட்டாஷ் இல்லாட்டி வேற ஒண்டும் ஏலாதா மிஸ்?" என்று சாலிஹ் கேட்டார்.

"காஸ்டிக் சோடா இருந்தாலும் சரிதான். ஆனா அதுக்கு எங்க போறது?"

"இந்த ஊர்ல சவர்க்காரம் இல்ல. அப்ப ஆரோ காய்ச்சத்தானே வேணும்?" என்று சொல்லி எழுந்தார்.

இரண்டு தெரு தள்ளி ஹனீபா நானாவின் கொல்லை இருந்தது. நானா என்றால் அங்கே முஸ்லிம்களுக்கு அண்ணன். பெரிய தகரப் பீப்பாயில் தேங்காய் எண்ணெயும் சோடாவும் சேர்ந்து சவர்க்காரமாக, அதாவது சோப்பாக, கொதித்துக்கொண்டிருந்தன. மணிக்கட்டுவரை நீளக்கை சட்டை போட்ட ஹனீபா நானா அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தார். நாங்கள் சோடா கேட்டதும் அகப்பையைக் கீழே வைக்காமலே சந்தேகமாகப் பார்த்தார்.

"எதுக்கு?"

"தோல் வருத்தம் பார்க்க நானா. ஒரு கட்டி போதும்" என்றார் சாலிஹ். வருத்தம் என்றால் அங்கே நோய்.

"இது பட்டா தோல் உரிஞ்சு போகும். இத வச்சு வருத்தம் பார்க்கிறயா? ஆர் சொன்னது?"

சாலிஹ் என்னைக் காட்டினார். நான் விளக்கினேன். ஹனீபா நானா முழுதும் கேட்டார். பிறகு அகப்பையைச் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையை மெதுவாக மடித்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வட்டம் வட்டமாகப் படர்தாமரை.

"அப்ப இத முதல்ல பாருங்க. பார்த்துச் சொன்னா முழுப் பெட்டியும் தாறன்."

பள்ளிக்கூடத்தில் பெரிய ஆசிரியரின் மருந்துத் தராசில் சோடாவை நிறுத்துப் பத்துக்கு ஒரு பங்கு கரைத்தோம். முதல் கண்ணாடித் துண்டு ஹனீபா நானாவின் கைக்கு. மெழுகுவர்த்தியில் சூடு காட்டி, விறாந்தை ஓரத்தில் வெயிலைப் பிடித்து, நான் பார்த்துவிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன். தெளிந்த தோலுக்குள் நூல் நூலாகப் பூஞ்சணம் கிளைவிட்டு ஓடியது.

"என்ட சோடாவால என்ட தோலையே கரைச்சுப் போட்டீங்க" என்றார் ஹனீபா நானா, தலையை எடுக்காமலே. "மரவேர் மாதிரி ஓடுது. சுபஹானல்லாஹ்!"

அதற்குப் பிறகு வரிசை கட்டுக்கடங்கவில்லை. சிரங்குக்கு என்னிடம் இன்னொரு மலிவு வித்தை இருந்தது. விரலிடுக்கில் பேனா மையைத் தடவி ஈரப் பஞ்சால் துடைத்தால், சிரங்குப் பூச்சி தோண்டிய வளைக்குள் மை தங்கி ஒரு சிறு கோடு நிற்கும். கோட்டின் நுனியில் ஊசி வைத்தால் பூச்சி கிடைக்கும். முதல் பூச்சி கால்களை ஆட்டியபடி நுண்ணோக்கிக்குள் நடந்தபோது பள்ளிக்கூடமே பார்க்க வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும், சிரங்கு இல்லாதவர்கள் உட்பட, சொறிந்துகொண்டே திரும்பினார்கள். பெரிய ஆசிரியர் இரண்டு முறை பார்த்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனார்.

தங்கப்பிள்ளையை நான் பார்த்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கட்டைபறிச்சானிலிருந்து மருமகளின் கைச் சிரங்கைக் காட்ட வந்தவர். ஐம்பது வயதிருக்கும். மருமகளை வரிசையில் விட்டுவிட்டு, தான் மட்டும் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இடது காலில் பழைய வேட்டித்துணியைச் சுற்றியிருந்தார். துணியைச் சுற்றி ஈக்கள்.

நான் கிட்டப் போய், "கால்ல என்னம்மா?" என்றேன்.

"அத விடு மகள். அதுக்குத் திகதி குடுத்திட்டாங்க."

"என்ன திகதி?"

"வெட்டுறதுக்கு. வாற வியாழன். முழங்காலுக்குக் கீழ எடுக்கப்போறாங்களாம்." காய்கறி நறுக்குவதைச் சொல்வது போலச் சொன்னார். "கான்சராக் கிடக்குமாம்."

பதினோரு வருஷத்துக்கு முன்பு விறகு பொறுக்கப் போனபோது முள் குத்தியது. ஆறிய இடத்தில் ஒரு பரு. பரு மெல்ல மெல்லப் படர்ந்து பூக்கோசு மாதிரி ஆகிவிட்டது. இலை கட்டினார், எண்ணெய் பூசினார், எத்தனையோ ஊசி போட்டார். எருமைத் தயிர் விற்றுப் பிழைத்தவரிடம் ஊரார் தயிர் வாங்குவதை மூன்று வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். குட்டம், அதாவது தொழுநோய், என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது காலும் போகப்போகிறது.

துணியை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தார். நாற்றம் இருந்தது, ஆனால் நான் பார்த்தது வேறு. கரடுமுரடான அந்தப் பரப்பில் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். மதுரையில் இந்த மாதிரிக் காலை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். புள்ளி இருந்த இடத்தில் சுரண்டி எடுத்து, சோடா விட்டு, சாலிஹிடம் கொடுத்தேன்.

அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஸ்லைட் ஊத்த மிஸ். மண் உருண்ட மாதிரி நிறைய இரிக்கு. கழுவிட்டுத் திரும்ப எடுப்பம்."

ஊத்தை என்றால் அழுக்கு. நான் குனிந்து பார்த்தேன். பழுப்பு நிறத்தில் உருண்டையான உயிரணுக்கள். தடித்த சுவர். சிலவற்றின் நடுவே குறுக்காக ஒரு கோடு. அழுக்குக்கு நடுவில் கோடு விழாது.

"ஊத்த இல்ல சாலிஹ். இதுதான் நோய்" என்றேன். "இது பூஞ்சணம். மண்ணுல, முள்ளுல இருக்கிறது. கான்சர் மாதிரி வேஷம் போடும்."

சாலிஹ் மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

அன்று மாலையே திரும்பி டாக்டரிடம் சொன்னேன். அவர் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ இடியப்பத்துக்குச் சொதி ஊற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"உங்கட கண்ணை நான் நம்புறன். ஆனால் பூஞ்சணம் இருக்கிறதால கான்சர் இல்லை எண்டு ஆகாது. ரெண்டும் கூட இருக்கலாம். வெட்டப்போற சேர்ஜனுக்கு உங்களைத் தெரியாது. ஒரு சொட்டு சவர்க்காரச் சோடாவை நம்பி அவர் திகதியை மாத்துவாரா?"

அவர் சொன்னது நியாயம். எனக்கு அன்று இடியப்பம் இறங்கவில்லை. சொதி மட்டும் இறங்கியது.

மறுநாள் டாக்டர் அந்த சத்திரசிகிச்சை வைத்தியரிடமே பேசினார். சிங்களவர், ஓய்வுபெறும் வயது. நகரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நாள் வந்து போகிறவர். தொலைபேசியில் அவர் ஆங்கிலத்தில் சொன்னதை டாக்டர் எனக்குத் தமிழில் சொன்னார். "செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வாங்கோ. கண்ணாடித் துண்டை மட்டும் கொண்டுவராதீங்கோ, காலையும் கொண்டுவாங்கோ. ரெண்டரைக்கு நான் வெளிக்கிட வேணும்."

ஆகவே திங்கட்கிழமை மறுபடி குடாவைக் கடந்தோம். இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் சும்மா நடந்தேன். நம்மூரில் மாடுகள் திரிகிற மாதிரி அங்கே மான்கள் திரிகின்றன. ஒன்று என் முந்தானையைக் கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் விட்டுவிட்டது.

சோடா விட்ட துண்டு ஒரே நாளில் காய்ந்துவிடும். அதனால் டாக்டரின் தங்கையிடம் நகப்பூச்சு வாங்கி ஓரத்தை அடைத்திருந்தோம். ரத்தச் சிவப்பு விளிம்போடு அது ஒரு சின்ன நகை மாதிரி இருந்தது. மூதூரிலிருந்து கட்டைபறிச்சானுக்கு டிராக்டர் பெட்டியில் போனோம். நெல் மூட்டைகளின் மேல் சாலிஹ் நுண்ணோக்கியைப் பிள்ளையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் தன் முதுகு பெட்டிப் பலகையில் இடித்தாலும் அது இடிபடாமல் தூக்கிப் பிடித்தார்.

தங்கப்பிள்ளை வரமாட்டேன் என்றார்.

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. கால் தப்பும் என்று சொன்னால் ஓடிவருவார் என்று நினைத்திருந்தேன். அவர் எருமைக்குத் தண்ணீர் காட்டியபடியே சொன்னார்.

"பதினொரு வருசம் மகள். மாறும் மாறும் எண்டு எத்தின பேர் சொன்னவை. ஒவ்வொருக்காலும் நம்பினன். இப்பத்தான் சரி, போனாப் போகட்டும் எண்டு மனசு ஆறிக் கிடக்கு. எருமைய ஆர் கறக்கிறது எண்டுகூடக் கதைச்சு முடிச்சிட்டம். நீ வந்து திரும்பவும் ஆசை காட்டாத."

மாறும், அதாவது குணமாகும், என்று நானும் உறுதி சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் எனக்குள் இருப்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

சாலிஹ் ஒன்றும் வாதாடவில்லை. உரலைக் கவிழ்த்து அதன்மேல் நுண்ணோக்கியை வைத்தார். வெயிலுக்குக் கண்ணாடியைத் திருப்பினார். "அக்கா, வரவேணாம். இத ஒருக்காப் பாருங்க. பார்த்திட்டு எருமையக் கட்டுங்க."

தங்கப்பிள்ளை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு, "வறுத்த மல்லி மாதிரி உருண்ட உருண்டயாக் கிடக்கு" என்றார். "என்ன இது?"

"உங்கட கால்ல இரிக்கிறது அதுதான்."

அவர் நிமிர்ந்தார். தன் காலைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அது கோபம்.

"இந்த மல்லிக் கொட்டைதானா? குட்டம் எண்டாளுகள். செய்வினை எண்டாளுகள். போன பிறப்புப் பாவம் எண்டு என்ட தமையனே சொன்னவன். ஒருத்தரும் இதப் பார்க்கேல்லையா?" பிறகு மருமகளைப் பார்த்துக் கத்தினார். "என்ட நல்ல சீலைய எடுத்து வை. நாளைக்கு நான் பட்டினத்துக்குப் போறன்."

அன்றைக்கு மூதூரில் சாலிஹின் தங்கை வீட்டில் தங்கினோம். பனங்கட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொடுத்தார்கள். மதுரைக்குத் திரும்பிய பிறகு அதைச் செய்ய ஏழு முறை முயன்று ஏழு முறையும் தோற்றிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை லோஞ்ச் குடாவின் நட்டநடுவில் நின்றுவிட்டது. எந்திரம் இரண்டு முறை இருமியது, பிறகு மூச்சே இல்லை. ஓட்டி பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே தலையை விட்டார். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. பயணிகள் முதலில் ஓட்டியைத் திட்டினார்கள், பிறகு எந்திரத்தை, பிறகு அரசாங்கத்தை. கடைசியில் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து ஆளுக்கு ஆள் பரிமாறிக்கொண்டார்கள். தங்கப்பிள்ளை, எல்லாரும் பார்க்கும்படி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யாராவது உற்றுப் பார்த்தால், "இது குட்டம் இல்ல. பூஞ்சணம். நான் கண்ணால கண்டனான்" என்று அவரே தொடங்கிவிடுவார்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒரே கேள்விதான். நான் பார்த்தது சரி, ஆனால் டாக்டர் சொன்ன மாதிரி கான்சரும் கூட இருந்தால்? என் பேச்சைக் கேட்டுக் காலை வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் இந்த மனுஷி இல்லாமல் போனால்? மதுரையில் நான் துண்டுகளைப் பார்ப்பேன், சீட்டில் எழுதுவேன், சீட்டு வேறெங்கோ போகும். அந்தச் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த முட்டை உரித்துக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"சாப்பிடு மகள்" என்றார் தங்கப்பிள்ளை. "நீ ஏன் முழியப் பிதுக்கிறாய்? கால் என்ட கால்."

ஒன்றரை மணிக்குச் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த மீன்பிடி வள்ளம் ஒன்று எங்களைக் கண்டு கயிறு போட்டு இழுத்தது. கரை சேர்ந்து, டாக்டரின் காரில் ஏறி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது இரண்டே முக்கால். அந்த வைத்தியர் தன் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

தங்கப்பிள்ளை எங்களை முந்திக்கொண்டார். காரின் முன்னால் நொண்டி நொண்டிப் போய் நின்றார்.

"ஐயா, வியாழக்கிழம நீங்க வெட்டப்போற கால் நான்தான். முதல்ல பாருங்க. பார்த்திட்டு வெட்டுங்க."

அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் விளங்கியிருக்க வேண்டும். கதவைச் சாத்தினார். தாதியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சாலிஹ் என் காதருகே மொழிபெயர்த்தார். "'இந்த அம்மாவுக்கு ஒரு கதிரை போடுங்க. எனக்கும் ஒண்டு' எண்டு சொல்றார்."

நகப்பூச்சுத் துண்டை அவர் தொடவே இல்லை. தன் கண்முன்னாலேயே புதிதாகச் சுரண்டி எடுக்கச் சொன்னார். நான் கத்தியை எடுத்தேன். பிறகு யோசித்து அதை சாலிஹிடம் கொடுத்தேன். நான் ஊருக்குப் போய்விடுவேன், இருக்கப்போகிறவர் அவர். சாலிஹ் கறுப்புப் புள்ளியைத் தேடிச் சுரண்டி, சோடா விட்டு, சூடு காட்டி, ஜன்னல் வெயிலைப் பிடித்து, விலகி நின்றார். அவர் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது.

வைத்தியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். சுவர்க் கடிகாரம் மூன்றடித்தது. அவர் நிமிரவில்லை. கடைசியில் நிமிர்ந்து டாக்டர் புனிதவதியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "முப்பது வருஷத்தில் இதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். நான் முன்பு கொழும்புக்கு அனுப்பிய தோல் துண்டு ஓரத்தில் எடுத்தது. கான்சராக இருக்கலாம் என்றுதான் பதில் வந்தது. இருக்கலாம் என்பதை நான் இருக்கிறது என்று படித்துவிட்டேன்."

பிறகு தங்கப்பிள்ளையிடம் தானே, தன் அரைகுறைத் தமிழில் சொன்னார். "கால் வெட்ட மாட்டேன். தோல் வெட்டுவேன். தொடையில தோல் எடுத்து ஒட்டுவேன். வெட்டினது எல்லாம் கொழும்பு அனுப்புவேன். சரியா?"

"தோல் தானே? எடுத்துக்கொள்ளுங்க" என்றார் தங்கப்பிள்ளை, ஏதோ பழைய பாயைக் கொடுக்கிற மாதிரி. அதன் பிறகுதான் அழுதார். டாக்டரும் அழுதார். நான் நுண்ணோக்கியைத் துடைத்தேன்.

வியாழக்கிழமை, குறித்த திகதியில், தோலை மட்டும் எடுத்தார்கள். அடுத்த வாரம் முழுக்க நானும் சாலிஹும் லிங்கநகரில் ஒரு வீட்டு முன்னறையில் பரிசோதனை வைத்தோம். தேமலும் படர்தாமரையும் சிரங்குமாக வந்துகொண்டே இருந்தார்கள். நான் பார்ப்பதை மெல்ல நிறுத்திவிட்டேன். சாலிஹ் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். அவர் ஒருதரம்கூடத் தவறவில்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டு முறை தவறினார். ஒருமுறை பஞ்சு நாரைப் பூஞ்சணம் என்றார். மற்றது என்னவென்று சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் தங்கப்பிள்ளையின் கட்டைப் பிரித்தார்கள். ஒட்டிய தோல் ஒரு மூலையில் கொஞ்சம் பிடிக்கவில்லை. மற்றபடி இளஞ்சிவப்பாக, பால் ஆடை போல, பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். கொழும்பிலிருந்து பதில் வழக்கம்போல இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. கான்சர் இல்லை. டாக்டர் அந்த ஒரு வரியை எழுத முழுக் கடிதத்தாள் ஒன்றைச் செலவழித்திருந்தார்.

ஆனால் கட்டுப் பிரித்த அன்று இன்னொன்றும் நடந்தது. வைத்தியர் சாலிஹைத் தனியே கூப்பிட்டு இரண்டு பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்தார். ஆறாத புண்ணுக்கு அவர் திகதி கொடுத்திருந்த வேறு இரண்டு பேர். "வெட்டுவதற்கு முன் பாருங்கள்" என்றார். முதல் ஆளை அன்றே பார்த்தோம். சாலிஹ் மூன்று முறை சுரண்டினார். ஒன்றுமில்லை. அந்த மனிதருக்குத் திகதி திகதியாகவே இருந்தது. திரும்பி வரும்போது நாலாவது முறை சுரண்டியிருக்கலாமா என்பதையே கதைத்துக்கொண்டு வந்தோம். இரண்டாவது ஆள் மறுநாள் காலைதான் வரமுடியும். என் பேருந்தும் மறுநாள் காலைதான்.

பேருந்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தது. டாக்டர் ஒரு பொட்டலம் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நடத்துநர் மணி அடித்து, வண்டி நகரத் தொடங்கியபோது, பின்னால் சைக்கிள் மணி கணகணவென்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். சாலிஹ். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து ஆட்டிக்கொண்டே மிதித்தார்.

"இரிக்கு மிஸ்! ரெண்டாவது ஆளுக்கு இரிக்கு! அதே உருண்ட! கோடும் இரிக்கு!"

நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னவோ கத்தினேன். அவர் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, வளைவு திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே நின்றார்.

பக்கத்து இருக்கையில் நிலாவெளிக்காரப் பெண்மணி ஒருவர், மீன் கூடையை மடியில் வைத்திருந்தார். "என்ன இருக்காம் பிள்ளை?" என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அலுமாரி, சோடா, லோஞ்ச், கால், தோல், எல்லாவற்றையும். கந்தளாய் தாண்டும்வரை சொன்னேன். முன்னிருக்கைக்காரர் இரண்டு பேரும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

நான் முடித்ததும் அந்தப் பெண்மணி மீன் கூடையை முன்னிருக்கைக்காரரின் மடியில் வைத்துவிட்டு, ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினார்.

"அப்ப இதையும் ஒருக்காப் பாருங்கோ."

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.